கவலை தூங்கவிடாத இரவுகளில் சங்கீதங்களை வைத்து ஜெபிக்கப் பழகுவது எப்படி

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னதும் சபையில் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலும் "கவலைப்படாதீங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பதுதான். சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அன்றைக்கு நடுராத்திரியில் கட்டிலில் புரண்டுகொண்டிருக்கும்போது கடன் தவணையும், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டும், பேசாமல் இருக்கிற மகளும் மனதில் வரிசையாக வந்து நிற்பார்கள். "இப்படிக் கவலைப்படுகிறேனே, எனக்கு விசுவாசம் இல்லையோ" என்று புதிதாக ஒரு கவலையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அந்த நேரத்தில் கையில் எடுக்க வேண்டிய பகுதி சங்கீதங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல்கள் என்று இருக்கும். வேதாகமத்தை ஏறக்குறைய நடுவில் பிரித்தாலே அகப்படும். மொத்தம் 150 பாடல்கள், ஐந்து பாகங்கள். துதிப் பாட்டுகள் என்று பொதுவாகச் சொன்னாலும், வகை பிரித்துப் பார்த்தால் இவற்றில் அதிகமாக இருப்பவை புலம்பல்கள். "ஏன்?", "எதுவரைக்கும்?", "எங்கே இருக்கிறீர்?" என்று தேவனிடமே கேட்கிற பாட்டுகள். அவிசுவாசம் என்று சொல்லி யாரும் அவற்றை வெளியே எடுத்துப் போடவில்லை. ஆராதனையில் பாடுவதற்காகவே சேர்த்து வைத்தார்கள். உங்கள் கவலையை அலங்கரிக்காமல் அப்படியே கொண்டுபோய் வைக்க இடம் உண்டு என்பது புதியவர் ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம். பாடுவதும் ஸ்தோத்திரம் சொல்வதும் அதற்கு அப்புறம் வரட்டும்.

முதலில் கஷ்டத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "எனக்கு மனசு சரியில்லை" என்பது போதாது. "வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது", "என் தம்பி சொத்து விஷயத்தில் என்னை ஏமாற்றிவிட்டான்", "அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியும் அழுகை நிற்கவில்லை" என்று எழுதுங்கள். பயம், கோபம், துக்கம், குற்றவுணர்வு, பொறாமை, தனிமை ஆகியவற்றில் எது என்று தெரிந்தால்தான் எந்தச் சங்கீதத்துக்குப் போவது என்று தெரியும். பல சமயம் கோபம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, எழுதிப் பார்த்தால் துக்கமாக இருக்கும்.

அதற்கேற்ற சங்கீதத்தை எடுங்கள்

தூக்கம் வராத இரவுக்கு 77. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று தேவனிடமே குறை சொல்கிற வரி அதில் இருக்கிறது. அழுகையே நிற்காத நாட்களுக்கு 6. கண்ணீரால் கட்டிலை நனைக்கிற மனுஷனின் ஜெபம் அது. கூடவே இருந்த நண்பரோ சொந்தக்காரரோ முதுகில் குத்திவிட்டால் 55. எதிரி செய்திருந்தால் சகித்திருப்பேன், இவனோ என்னோடு சேர்ந்து ஆலயத்துக்கு வந்தவனாயிற்றே என்கிற வேதனை அதில் பேசுகிறது. புறாவைப்போல் சிறகு இருந்தால் எங்கேயாவது பறந்துபோய்விடுவேனே என்கிற ஏக்கமும் அதே சங்கீதத்தில்தான் வருகிறது. செய்த தப்பு உள்ளே அரித்துக்கொண்டிருந்தால் 32-ஐயும் 51-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

பொறாமைக்கு 73. இதைப்பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறாமையைச் சபையில் யாரும் ஜெபக் குறிப்பாகக் கொடுப்பதில்லை. ஆசாப் என்பவரின் பெயரில் இருக்கிற பாட்டு. ஆசாப் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திய தலைவர்களில் ஒருவர். அவர் பெயரில் உள்ள இந்தப் பாட்டுதான், துன்மார்க்கர் கொழுத்து வாழ்வதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, நான் சுத்தமாக வாழ்ந்தது வீண்தானோ என்று நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறது. 16 வசனம் வரைக்கும் அந்த எரிச்சல்தான். 17-ஆம் வசனத்தில் அவர் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறார், பார்வை மாறுகிறது. அதற்குப் பிறகும் துன்மார்க்கரின் சொத்து ஆசாபின் கைக்கு வந்ததாகப் பாட்டில் இல்லை. "தேவனை அண்டிக்கொண்டிருப்பதே எனக்கு நலம்" என்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். கூடப் படித்தவன் வீடு கட்டிவிட்டான், எனக்கு இன்னும் வாடகை வீடுதான் என்று நெஞ்சு எரிகிறவர்கள் இதை வாரம் முழுக்க தினமும் வாசிக்கலாம்.

வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தடவை

மனதுக்குள் வாசித்தால் கண் வரிகளைத் தாண்டிக்கொண்டு போய்விடும். கவலையில் இருக்கும்போது இன்னும் வேகமாகத் தாண்டும். அதனால் உதடு அசையும்படி, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடாத குரலில் வாசியுங்கள். முதல் தடவை முழுப் பாட்டையும் வாசியுங்கள். இரண்டாவது தடவை எந்த வரியில் குரல் தடுமாறுகிறதோ, எந்த இடத்தில் "இது என்னைப் பற்றித்தான்" என்று தோன்றுகிறதோ, அங்கே நின்றுவிடுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம். இடையில் அடைப்புக்குறிக்குள் "சேலா" என்று வந்தால் குழம்ப வேண்டாம். அது பாடுகிறவர்களுக்கான குறிப்பாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டு நிறுத்திக்கொண்டால் போதும்.

பழைய மொழிபெயர்ப்பின் சஞ்சலம், சத்துரு, கிருபை போன்ற சொற்கள் சிலருக்குத் தடையாக இருக்கும். அப்படியானால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் பழையது, வீட்டில் எளியது என்று இரண்டையும் புழங்குவதில் தவறில்லை.

உங்கள் சொந்தச் சங்கீதத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டு வசனங்களில் பாடுகிறவர் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் பாட்டே தொடங்குகிறது. முன்னுரையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. அடுத்த இரண்டு வசனங்களில் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்: என்னைப் பாரும், எனக்குச் செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று சொல்லி, தேவன் தனக்குச் செய்த நன்மையை நினைத்துப் பாடுகிறார்.

முறையீடு, விண்ணப்பம், நம்பிக்கை. இந்த மூன்றையும் இதே வரிசையில் வைத்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கியிருக்கிற ஒரு பெண் எழுதினால் இப்படி வரலாம்:

"ஆண்டவரே, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தவணை வாங்க ஆள் வரும்போது வயிறு கலங்குகிறது. நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா? அண்ணனிடம் மறுபடியும் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் போட்டு ராத்திரி தூங்குவதில்லை. இந்த வாரத் தவணைக்கு ஒரு வழி காட்டும். குழுத் தலைவி அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் தாரும். என் வீட்டுக்காரர் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவரும்படி செய்யும். போன வருஷம் சின்னவனுக்கு டெங்கு வந்தபோது நீர் எங்களைக் கைவிடவில்லை. அதை நான் மறக்கவில்லை. உம்மைத்தான் நம்பியிருக்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முறையீட்டில் செவ்வாய்க்கிழமை இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், வயிறு இருக்கிறது. "என் பிரச்சினைகளை எல்லாம் தீர்த்தருளும்" என்று பொத்தாம்பொதுவாக இல்லை. விண்ணப்பத்தில் பணம் மட்டுமல்ல, தான் செய்ய வேண்டியதற்கான தைரியமும் கேட்கப்படுகிறது. நம்பிக்கைப் பகுதியில் எப்போதோ படித்த வசனத்துக்குப் பதிலாக அவள் வீட்டில் நடந்த ஒரு காரியம் வருகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். எதுவும் நினைவுக்கு வரவில்லையா, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். வராத நன்றியை வலிந்து எழுத வேண்டாம்.

அப்படி வெறுமையாக முடிகிற சங்கீதமும் உண்டு. 88-ஐ வாசித்துப் பாருங்கள். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்குகிறது. பிறகு வெளிச்சமே வருவதில்லை. நண்பர்கள் விலகிப் போய்விட்டார்கள் என்பதோடு பாட்டு முடிகிறது. எபிரெய மூலத்தில் கடைசிச் சொல் இருள். அதையும் வேதம் என்று வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நம்பிக்கை வரவில்லை என்றாலும் கூப்பிடுவதே ஜெபம்தான்.

இயேசு சிலுவையில் சொன்னதும் இப்படி ஒரு புலம்பலைத்தான். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதத்தில் வருவது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அவர் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும்போது நாலாவதாகவும் ஏழாவதாகவும் நாம் கேட்பவை இவைதான். மரண வேதனையில் அவர் வாயில் வந்தது சின்ன வயதிலிருந்து பழகிய சங்கீதம். அப்படியிருக்க, "ஏன்" என்று கேட்ட உங்களை விசுவாசக் குறைச்சல் உள்ளவர் என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள்.

பழிவாங்கச் சொல்கிற சங்கீதங்கள்

109, 137 போன்றவற்றை முதல்முறை வாசிக்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். எதிரியின் பிள்ளைகள்மேல்கூடக் கேடு வரட்டும் என்கிற வரிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி மந்திரம்போல ஓதுவதற்காக அவை எழுதப்படவில்லை. எருசலேம் எரிந்து, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களின் கதறல் 137. உங்கள் நெஞ்சிலும் அந்த அளவுக்கு ஆத்திரம் இருந்தால் அதைத் தேவனிடம் கொட்டிவிடுங்கள், கையில் எடுக்காதீர்கள். பழிவாங்குவது தேவனுடைய வேலை என்று ரோமர் 12 சொல்கிறது. சத்துருக்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இயேசு சொன்னார். முதல் நாளே அந்த இடத்துக்கு வந்துவிட முடியாது. எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது என்பதும், அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருப்பது என்பதும் ஒன்றல்ல. சவுல் ராஜா தாவீதின்மேல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடிப்போனார். பிறகு சவுலைக் கொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தும் கொல்லவில்லை. ஆனால் அரண்மனைக்குத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்காரவும் இல்லை. வீட்டில் வன்முறை நடந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181.

வசனத்தை அது இருக்கிற இடத்தில் வைத்து வாசியுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை பல வீடுகளில் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். நல்ல பழக்கம்தான். கூடவே ஒரு வேலையும் செய்யுங்கள்: அந்த வசனம் வருகிற அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரியும், சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றியது. அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷத்தைப் பற்றிப் பேசுகிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்கிறது. சீக்கிரம் விடுதலை என்று சொன்னவர்களை நம்பாதீர்கள் என்றும் சொல்கிறது. அப்படி வாசிக்கும்போது வசனத்தின் பலம் குறைவதில்லை. நீண்ட காத்திருப்புக்குத் தாங்குகிற வசனமாக அது மாறுகிறது.

பிலிப்பியர் 4:13-உம் இப்படித்தான். பரீட்சைக்கும் போட்டிக்கும் முன்னால் சொல்லிக்கொள்கிற வசனம் அது. அதை எழுதும்போது பவுல் காவலில் இருந்தார். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்ன கையோடு வருகிறது அந்த வரி. நினைத்தது நடக்காதபோதும் நிற்கிற பெலனைப் பற்றியது அது. 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டி, மேலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னவன் யார் என்பதை மத்தேயு 4-இல் பாருங்கள். வசனத்தைத் தேவனுக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

விடிந்ததும் ஒரு காரியம்

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் தாக்கத் திட்டம் போட்டார்கள். தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும்பகலும் காவலும் வைத்தோம் என்று எழுதியிருக்கிறார் (நெகேமியா 4:9). இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது. அதனால் ஜெபித்து முடித்ததும் அந்தத் தாளின் கீழே, நாளைக் காலையில் செய்யப்போகிற ஒரு சின்ன வேலையை எழுதுங்கள். ஒன்றுதான். மேலே சொன்ன பெண்ணுக்கு அது குழுத் தலைவியைப் போய்ப் பார்ப்பதாக இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பயப்படுகிறவருக்கு டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்வதாக இருக்கலாம். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று இயேசு சொன்னது இதற்கு நன்றாகப் பொருந்தும்: நாளை மறுநாளின் வேலையை அந்தத் தாளில் ஏற்றாதீர்கள்.

சாப்பாடும் தூக்கமும் ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று நினைக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, நான் சாகவேண்டும் என்கிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, "நீ தீர்க்கதரிசி, இப்படிப் பேசலாமா" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசுவது அதற்குப் பிறகுதான். ரொம்பவும் நொந்துபோயிருக்கிற நாளில் உபவாசம் என்று தொடங்க வேண்டாம். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ஒருவரிடம் சொல்லுங்கள், ஒருவரிடம் மட்டும்

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது கலாத்தியர் 6:2. யாரிடம் சொல்வது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் குடும்ப விஷயத்தைப் போட்டால் ஜெபக் குறிப்பு ஊர்ப்பேச்சாகிவிடும். மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் கொண்டுவந்து சொல்லாதவர் யாரோ, அவரைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்டர் அம்மாவாக இருக்கலாம், ஞாயிறு பள்ளி நடத்துகிற ஒரு அக்காவாக இருக்கலாம். "எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், கூட உட்கார்ந்து இந்தச் சங்கீதத்தை வாசிங்க" என்று கேளுங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும்பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் யோபுக்கு வேதனை கூடியது.

டாக்டரிடம் போவதும் இதில் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரத்திலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இலங்கையில் 1926. மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. நோயாளியின் குடும்பத்தாரும் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கம். ஜெபிக்கிறவர்கள் கட்டிய மருத்துவமனை அது.

தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்

எழுதிய தாளில் தேதி போட்டு வேதாகமத்துக்குள் வையுங்கள். பிரச்சினை தீர்ந்தால் அதே தாளின் பின்பக்கத்தில் 30 அல்லது 116-ஆம் சங்கீதத்தைப் பார்த்து நாலு வரி நன்றி எழுதுங்கள். தீராவிட்டால் புதுத் தாளில் மறுபடியும் "எதுவரைக்கும்" என்று தொடங்குங்கள். 42, 43 சங்கீதங்களில் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று மூன்று தடவை வருகிறது. ஒரு தடவை சொல்லித் தீராததால்தான் அவரும் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார்.

தினமும் எதை வாசிப்பது என்று வரிசை வேண்டுமானால் 120 முதல் 134 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகண சங்கீதங்கள் என்று இவற்றுக்குப் பெயர். எருசலேமுக்குப் பண்டிகைக்குப் போகிறவர்கள் வழியில் பாடியவை என்று சொல்வார்கள். 132 தவிர மற்றதெல்லாம் குட்டிப் பாட்டுகள், பதினைந்து நாளில் முடிந்துவிடும். ராத்திரி படுக்கும்போது மட்டும் எந்த வரிசையும் வேண்டாம், 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் ஒன்றே போதும்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், சுலபமாக மனப்பாடம் ஆகிவிடும்.